மன்னியின் ரத்தத்தில் சிவப்புத் துகள்கள்

மன்னியின் விரலில் ஊசி குத்தியது நான்தான்.

அவள் கையை மட்டும் என் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். தன் மூச்சு என்மேல் படக் கூடாதாம். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்து அறை அது. விறகும் வரட்டியும் அடுக்குகிற இடத்தை ஒழித்து ஒரு கயிற்றுக் கட்டில் போட்டிருந்தோம். நான் கொண்டுபோன ஸ்பிரிட்டையும் மீறி வரட்டி வாசனை அடித்தது.

"வலிக்கிறதா மன்னி?"

"இதெல்லாம் ஒரு வலியா? சீக்கிரம் எடுத்துண்டு போ. அம்மா பாத்தா நோக்குத்தான் திட்டு விழும்."

ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் எடுத்து, இன்னொரு சில்லால் மெல்லிசாக இழுத்துப் பரப்பினேன். காற்றில் ஆட்டிக் காய வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே கூடத்தில் குழந்தை அழுதது. மன்னியின் ரவிக்கை நனைந்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

குழந்தை பால் மறக்காத வயசு. ஆனால் தாயிடம் விடவில்லை. அம்மா பசும்பாலைக் காய்ச்சி ஆற்றிப் பாலாடைச் சங்கால் புகட்டினாள். மன்னி தினமும் காலையில் கிணற்றடிக் கறிவேப்பிலைச் செடியின் கீழே உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இருமல் வந்த கதை

ஜப்பான் சண்டை முடிந்து, குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்கள் எல்லாம் மயிலாப்பூருக்குத் திரும்பி வந்து, வாடகைக்கு வீடு கிடைக்காமல் திண்டாடிய சமயம். எங்களுக்குக் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் சொந்த வீடு இருந்தது. அப்பா காலமான பிறகு அங்கே அம்மா வைத்ததுதான் சட்டம். அண்ணா நாணு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. வாயில்லாப் பூச்சி. அவன் பெண்டாட்டி, என் மன்னி கோமளா, மாம்பலத்துப் பெண். அண்ணாவுக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

பிரசவம் ஆகிச் சில மாதம் கழித்து அவளுக்கு இருமல் ஆரம்பித்தது. பகலெல்லாம் ஒன்றுமில்லை. கோயிலில் விடியற்காலை மணி அடிக்கிற நேரத்துக்குத் தொடங்கும். மூச்சு இழுக்கும், விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், ஒரு மணி நேரம் பாடாய்ப் படுத்திவிட்டு அடங்கும். உடம்பு இளைத்தது. சாயங்காலத்தில் லேசாகக் கணகணத்தது.

பெரிய டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நுரையீரல் முழுக்கப் பொடிப் பொடியாக நிழல். க்ஷயம், காசநோய் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை யாரிடம் காட்டியிருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்று சாயங்காலமே அம்மா கொல்லைப்புற அறையை ஒழித்துவிட்டாள். தை பிறந்ததும் மன்னியை மாம்பலத்தில் கொண்டுவிடுவது, அவர்கள் அவளை ஊருக்கு வெளியே க்ஷய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளட்டும், குழந்தை இங்கேயே இருக்கும் என்று முடிவாயிற்று. அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்து அப்போது நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வியாதிக்குப் பயந்தவள் என்று அவளை நினைத்துவிடாதீர்கள். சின்ன வயசில் அவளுக்கு வைசூரி போட்டு முகமெல்லாம் தழும்பு. ஒரு தரம் வார்த்தவர்களுக்கு மறுபடி வாராது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். அதனால் எந்த வீட்டில் அம்மை போட்டாலும் என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். வேப்பிலைக் கொத்தோடு போய் உட்கார்ந்து, தெரியாதவர் உடம்பையெல்லாம் தொட்டுத் துடைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து சாப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ஓர் இருமலைக் கண்டு ஏன் இப்படிக் கல்லாகிப்போனாள் என்று எனக்குப் புரியவே இல்லை. எனக்கு வரன் அமையாதே என்கிற கவலைதான் காரணம் என்று முடிவு கட்டி அவள்மேல் கடுகடுவென்று இருந்தேன்.

பல்லாங்குழியும் பூதக்கண்ணாடியும்

நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு லஸ் முனையில் ஒரு மாடியில் டாக்டர் ஜாஃபரின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். டாக்டர் ராயப்பேட்டையில் தலைமுறையாகக் குடியிருக்கிற உருதுக்காரக் குடும்பம். தமிழை எங்களைவிட நிதானமாகப் பேசுவார்; என்னை மட்டும் உருதுவில் 'பேட்டி', மகளே, என்று கூப்பிடுவார். மைக்ராஸ்கோப்புக்கு மின்சார விளக்கெல்லாம் கிடையாது. ஜன்னல் ஓரம் வைத்து, அடியில் உள்ள கண்ணாடியைத் திருப்பி வெயிலை உள்ளே அனுப்ப வேண்டும். மேகம் மறைத்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் கோடிக்கணக்கில். அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை அணுக்கள். நோயோடு சண்டை போடுகிற படை அதுதான். அதில் ஐந்து ஜாதி. சாயம் போட்டுப் பார்த்தால் வேறுவேறாகத் தெரியும். நூறு வெள்ளை அணுக்களைப் பார்த்து, எந்த ஜாதியில் எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலை.

கண்ணை லென்ஸிலிருந்து எடுத்தால் இடம் தவறிப்போகும். அதனால் வீட்டிலிருந்து பல்லாங்குழியைக் கொண்டுபோனேன். ஐந்து ஜாதிக்கு ஐந்து குழி. கண் மேலே, கை கீழே. ஒன்றைப் பார்த்தால் அதன் குழியில் ஒரு புளியங்கொட்டை.

டாக்டர் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "இது லேபா பேட்டி, சீமந்த வீடா?" என்றார். நூறும் எண்ணி முடித்ததும் அவரே சரிபார்த்தார். அதற்கப்புறம் பல்லாங்குழி மேஜையைவிட்டு இறங்கவில்லை.

முதல் குழி எப்போதும் சீக்கிரம் நிறையும். கிருமி நுழைந்தால் முதலில் ஓடுகிறவர்கள் அவர்கள். கிருமியை விழுங்கிவிட்டு அங்கேயே செத்தும் போவார்கள். கட்டியில் சீழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அது பெரும்பாலும் அவர்கள் பிணம்தான்.

இரண்டாவது குழி லிம்போசைட். சின்னது, உருண்டையானது, உடம்பு முழுக்க உட்கருவாக இருக்கும். இது என்ன செய்கிறது என்று டாக்டரைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்? பென்ஷன்காரர் மாதிரி சும்மா சுத்தி வருது" என்றார். அன்றைய புத்தகங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லின. ஒரு தரம் வந்த பகைவனை ஆயுசுக்கும் மறக்காமல் வைத்திருக்கிற ஞாபகக்காரர் அவர்தான் என்று உலகம் கண்டுபிடிக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. அம்மா வைசூரி வீடுகளில் பயமில்லாமல் உட்கார்ந்ததற்கு அவர் தயவுதான் காரணம் என்று பின்னால் படித்தபோது, அன்றைக்கு அவரைக் கேலி செய்ததற்காக வருத்தப்பட்டேன்.

மூன்றாவது, பெருந்தீனிக்காரன். அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். நான்காவது நீலத் துகள் நிறைந்தது, எப்போதாவதுதான் கண்ணில் படும். ஐந்தாவதுக்கு இயோசினோபில் என்று பெயர். உள்ளே சிவப்புச் சிவப்பாகத் துகள், குங்குமத்தைத் தெளித்த மாதிரி. பார்க்க அழகு. நூற்றில் இரண்டு மூன்று இருந்தால் சரி.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாத சரக்கு ஒன்றும் ரத்தத்தில் உண்டு. டைபாய்டு வந்தவரின் ரத்தத்தை உறைய விட்டு, மேலே நிற்கிற தெளிந்த நீரை டைபாய்டு கிருமியோடு சேர்த்துக் குழாயில் வைப்போம். கிருமிகள் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கும். அந்த நீரில் இருக்கிற எதிர்ப்பொருள் செய்கிற வேலை அது. டைபாய்டு வராதவர் ரத்தத்தில் பெரும்பாலும் அப்படி ஆகாது. தாய்ப்பாலிலும் அதே சரக்கு குழந்தைக்குக் காவலாகப் போகிறது என்று பிற்பாடு படித்த அன்று எனக்குக் கறிவேப்பிலைச் செடி ஞாபகம் வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஐந்தாவது குழி

மன்னியின் சளியில் க்ஷயக் கிருமி இருக்கிறதா என்று பலமுறை பார்த்தேன். இல்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இருமல் எப்போ வருது?"

"விடியற்காலை மட்டும் சார். பகல்ல நல்லாத்தான் இருக்கா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு சொட்டு ரத்தம் எடுத்துட்டு வா."

அப்படித்தான் நான் அந்த அறையில் போய் ஊசியும் கையுமாக நின்றேன்.

மறுநாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். ஒரு சிவப்புத் துகள்காரர். பக்கத்தில் இன்னொருவர். அடுத்த இடத்துக்கு நகர்த்தினால் மூன்று பேர். கை ஐந்தாவது குழிக்கே போய்க்கொண்டிருந்தது. கொட்டை குழியில் கொள்ளாமல் மேஜையில் சிதறி உருண்டது. நூற்றில் பாதிக்கு மேல் அவர்களே. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அதேதான்.

டாக்டர் வெகு நேரம் பார்த்தார். "இது க்ஷயம் இல்லை பேட்டி. இந்தப் பக்கத்து ஊர்களிலே இப்போதான் இப்படி ஒரு வியாதி இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. வெளியிலேர்ந்து வந்த எதிரியைவிட, விரட்ட வந்த காவல்காரங்கதான் இங்கே தொந்தரவு. நுரையீரலுக்குள்ளே கூட்டம் கூடி வீட்டையே அடைச்சுட்டாங்க."

"எதை விரட்ட வந்தா?"

"அது யாருக்கும் தெரியலே."

மயிலாப்பூர்க் கொசு கொண்டுவந்து விடுகிற யானைக்கால் புழுதான் அந்த எதிரி என்பதும், சிலர் உடம்பு அதைக் கண்டு தலைகால் புரியாமல் பாய்ந்துவிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தவை. அன்றைக்குக் காரணம் தெரியாது. மருந்து மட்டும் தெரியும். அந்த மருந்தில்தான் சங்கடம் இருந்தது.

சொல்லக் கூடாத ஊசி

மஞ்சள் பொடியாக வரும். சுத்தமான தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்ற வேண்டும். பாஷாணம் கலந்த மருந்து. அது ஊர் முழுக்க வேறொரு காரியத்துக்குப் பேர்போனது. போகக் கூடாத இடத்துக்குப் போய்வந்த ஆண்கள் போட்டுக்கொள்கிற ஊசி அது. அந்தப் பேரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்துவார்கள். டாக்டரின் கீழ்த்தள அறையில் வாரம் ஒரு நாள் அந்த ஊசிக்கென்றே ஒரு பெஞ்சு போட்டிருக்கும். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

டாக்டர் அண்ணாவைக் கூப்பிட்டுப் பேசினார். அண்ணாவின் காது சிவந்துவிட்டது. யோசித்துப் பதில் சொல்கிறேன் என்பான் என்று எதிர்பார்த்தேன். "எப்ப அழைச்சுண்டு வரணும்?" என்று மட்டும் கேட்டான்.

மன்னியைப் பின்வாசல் வழியாக உள்ளே அனுப்பிவிட்டு, அவன் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கைக்குட்டை எடுக்கவில்லை. சீசா கழுவுகிற ஆறுமுகம் என்னிடம் மேலே ஓடி வந்தான்.

"இன்னாம்மா இது, உங்க அண்ணாத்தே அந்த பெஞ்சில குந்திக்கினு கீறாரு. உங்க தெருக்கார அய்யரு ஒர்த்தர் பாத்துட்டு போறாரு. உள்ளே வந்து குந்தச் சொல்லும்மா."

நான் இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். அண்ணா வர மறுத்தான்.

"பாக்கட்டுமே. நேக்குன்னு நெனச்சுக்கட்டும். அவளுக்குன்னு தெரிஞ்சா என்ன பேசுவான்னு நோக்குத் தெரியாதா?"

தெருவில் இரண்டே நாளில் பரவிவிட்டது. மார்கழி பஜனையில் மாட வீதி சுற்றும்போது அண்ணாதான் வருஷா வருஷம் தம்புரா சுமப்பான். அந்த வருஷம் தம்புராவை வேறொருவர் தூக்கிக்கொண்டார். அண்ணா பின்னால் தாளம் போட்டுக்கொண்டு நடந்தான். 

அம்மாவின் காதிலும் விழுந்தது. நான் உண்மையைச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "ஆம்பளைன்னா ஊர் நாலு நாள் சிரிக்கும். பொம்மனாட்டின்னா ஆயுசுக்கும் சிரிக்கும். நாணு பண்ணினது சரிதான்" என்றாள். அம்மாவை எனக்குப் பிடித்த அபூர்வமான கணங்களில் அது ஒன்று.

இருமல் நின்ற பிறகு

ஊசி பிடித்துக்கொண்டது. மன்னிக்கு விடியற்காலை இருமல் முதலில் குறைந்து, பிறகு வராமலே போயிற்று. கன்னத்தில் சதை பிடித்தது. மறுபடி ரத்தம் எடுத்து எண்ணினேன். ஐந்தாவது குழியில் ஒரு பிடி கொட்டைகூட இல்லை. இனி குழந்தையைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் டாக்டர்.

அம்மா கொடுக்கவில்லை.

"இருமல் நின்னா ஆச்சா? உள்ள என்ன இருக்குன்னு யார் கண்டா? தை பொறந்ததும் மாம்பலத்துக்குப் போய் ஒரு வருஷம் இருக்கட்டும். அப்பறம் பாக்கலாம்."

ஒரு வருஷம் கழித்தா? குழந்தை அதற்குள் நடந்து, பேசி, யாரோ ஒருத்தியை அம்மா என்று கூப்பிட்டிருக்கும். மன்னி சண்டை போடவில்லை. அவ்வளவு வாயாடி வாயைத் திறக்காமல் டிரங்குப் பெட்டியில் புடவை அடுக்கினாள். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

"உள்ள என்ன இருக்குன்னு நான் கண்டேன். வந்து நீயே பாரு" என்றேன். அம்மா வர மாட்டாள் என்று நினைத்துத்தான் அப்படிக் கத்தினேன். அவள் மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் ரிக்‌ஷா கொண்டுவரச் சொன்னாள்.

லஸ் மாடியில் அம்மா

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒற்றைக் கண்ணை மூடத் தெரியவில்லை. தலைப்பைச் சுருட்டி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் பார்த்தாள். டாக்டர் அடுத்த அறைக்கு நகர்ந்துவிட்டார்.

முதலில் பழைய சில்லைக் காட்டினேன்.

"செவப்பா புள்ளி புள்ளியா இருக்கே, அதா?"

"அதுதான். ஊசிக்கு முன்னாடி. இப்ப இதைப் பாரு. போன வாரத்து ரத்தம்." சில்லை மாற்றி வைத்தேன்.

பார்த்தாள். "காணலையே."

"அவ்வளவுதாம்மா. க்ஷயமே கெடையாது. இருந்திருந்தா இந்த ஊசிக்கு இப்படிக் கேட்டிருக்காது. அவளோட காவல்தான் ஜாஸ்தியா போயிருந்தது. ஒட்டிக்கற வியாதி இல்லை."

அம்மா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை.

"மொதல்ல காட்டினியே, அதைத் திரும்ப வை."

வைத்தேன். குனிந்து வெகு நேரம் பார்த்தாள். வெளியே மேகம் வந்து வெளிச்சம் மங்கிற்று. அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.

"விடியக்காலம் மட்டும்தான் வருமா இந்த இருமல்?"

"பெரும்பாலும்."

"பகல்ல ஓடி ஆடிண்டிருப்பாளா?"

"மன்னி அப்படித்தானே இருந்தா."

"நேக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றாள் அம்மா, லென்ஸுக்குள் பார்த்தபடியே.

எனக்குத் தெரிந்து அம்மாவோடு பிறந்தவர்கள் மூன்று சித்திகள் மட்டும்தான். மாமா என்று ஒருவர் இருந்ததை வீட்டில் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

"சேஷுன்னு பேர். கோழி கூவற நேரத்துக்கு இருமுவான். விடிஞ்சா குளத்துல குதிச்சு நீஞ்சிண்டிருப்பான். க்ஷயம்னுட்டா. நாங்க நாலு பொண்ணு, கல்யாணம் ஆகணுமே. பெரியவா அடையாத்துப் பக்கம் தோப்புல ஒரு குடிசை போட்டு அவனை விட்டா. தோப்புக்காரன் சோத்தை வாசல்ல வெச்சுட்டுப் போவான். நான் ஒரே ஒரு தரம் போனேன். தூர நின்னுதான் பாத்தேன். அக்கா, நம்மாத்துக்கு வரட்டுமான்னு கேட்டான்."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இருமிச் சாகலைடி அவன். ஐப்பசி மழையில ஜுரம் வந்து, தண்ணி குடுக்க ஆளில்லாம போனான். தீட்டுக்கூடக் காக்கலை. அவன் பேரை எடுக்கப்படாதுன்னுட்டா. எடுக்கலை."

தலைப்பை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவனுக்கும் இதுவா இருந்திருக்குமோடி?"

இருக்காது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் டாக்டர் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார், நல்ல மனுஷர். ஆனால் நான் அம்மாவின் பெண். அவளிடம் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"தெரியாதும்மா. அவர் ரத்தத்தை யாரும் பாக்கலையே" என்றேன்.

ரிக்‌ஷாவில் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்தவள் நேராகக் கிணற்றடிக்குப் போனாள். கட்டின புடவையோடு நின்று, தண்ணீரை இழுத்து இழுத்துத் தலையில் கொட்டிக்கொண்டாள். எங்கள் வீடுகளில் அப்படிக் குளித்தால் ஒரே ஓர் அர்த்தம்தான். காலம் கடந்து சாவு கேள்விப்பட்டால் தலைக்கு ஸ்நானம்.

ஆபீசிலிருந்து வந்த அண்ணா பயந்துபோய் நின்றான். "என்னம்மா, யாருக்கு என்ன?"

"என் தம்பி போயிட்டான்" என்றாள் அம்மா.

எந்தத் தம்பி என்று அவன் என்னைப் பார்த்தான். அம்மா சொட்டச் சொட்ட உள்ளே வந்து, தூளியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புற அறைக்குப் போனாள். மன்னி டிரங்குப் பெட்டியின் முன்னால் இருந்து தடுமாறி எழுந்தாள்.

"வாங்கிக்கோ" என்றாள் அம்மா. "பொட்டியைக் கூடத்துல கொண்டு வை. நீ எங்கேயும் போக வேண்டாம்."

மன்னி வாங்கிக்கொண்டாள். குழந்தைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வீரிட்டு அழுதுகொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி அம்மாவிடம் தாவியது. அம்மா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தை அழுது ஓயும்வரை ஈரத்தோடு அங்கேயே நின்றாள்.